கழுத்தறுந்த அன்னம்

அத்தியாயம் ஏழு

அட்டை தறியில் ஓடினால் யேசுதாஸ் ஜெயிலுக்குப் போவான். ஓடாவிட்டாலும் போவான். எந்த வழியாகப் போகிறான் என்று பார்க்கத்தான் கிருஷ்ணவேணி அம்மாளின் தறிக்கொட்டகையில் அன்று காலை அத்தனை பேர் கூடியிருந்தார்கள்.

துப்பறியும் ராஜகோபால் தூணில் சாய்ந்து நின்றார். அவரை அமர்த்தியவர் கிருஷ்ணவேணி அம்மாள். வேலை சுலபமானது. அம்மாளின் கடைக்கு ஊர் ஊராகப் பேர் வாங்கிக் கொடுத்தது அன்னப்பட்சி பார்டர். மெட்ராஸ் கண்காட்சியில் பரிசு வாங்கிய அன்னம் அது. அதே அன்னம் போன மாதம் மெட்ராஸில் வேறொரு கடையில் தொங்கியது. விசாரித்துப் பார்த்ததில் நூல் பிடித்துக்கொண்டு திருப்புட்குழிக்குப் போயிற்று விஷயம். அம்மாளிடம் வருஷக்கணக்காகக் கூலிக்கு நெய்யும் யேசுதாஸின் வீட்டில் ஒரு மூட்டை நெசவு அட்டை. போலீஸ் மூட்டையையும் எடுத்துக்கொண்டது, ஆளையும் எடுத்துக்கொண்டது. அந்த அட்டை தன் அட்டையைப் பார்த்துத் திருட்டுத்தனமாகக் குத்தியதுதான் என்று அம்மாளுக்கு நிரூபித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

மேஸ்திரி கலியன் மூட்டையைப் பிரித்தான். சாண் அகல அட்டைகள், ஓட்டை ஓட்டையாகக் குத்தி, ஒன்றோடொன்று நூலால் கோத்து, சங்கிலியாக இறங்கின.

"ரயில் டிக்கெட்டை மாலை கட்டின மாதிரி இருக்குது வாத்தியாரே," என்றான் சிட்டிபாபு. ராஜகோபாலின் உதவியாளன். வாய் மட்டும் அவருக்கு முன்னால் நடக்கும். "வாலாஜாபாத் டிக்கெட்டாத்தான் இருக்கும். அந்த லைன்லதான் செக்கர் இத்தினி ஓட்டை போடுவான்."

"வாயை மூடிக்கினு மேல பாரு."

தறியின் தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருந்தது. அதற்குள் வரிசை வரிசையாக இரும்புக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலிருந்தும் ஒரு நூல் கீழே இறங்கி, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழையைப் பிடித்திருந்தது. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்துக் கொக்கி இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்துக் கொக்கி தூங்கும். ஒரு அட்டை முடிந்து அடுத்த அட்டை புரண்டால் அன்னத்துக்கு இன்னொரு வரி. அலகு, இறகு, கால் விரல் எல்லாம் அந்த ஓட்டைகளுக்குள்தான் அடைபட்டுக் கிடந்தன.

கலியன் சங்கிலியைப் பெட்டியில் மாட்டிவிட்டுத் தறிக்குழியில் இறங்கி மிதித்தான். கடக் என்றது பெட்டி. ஜரிகை நூலைச் சுமந்த நாடாக் கட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடியது. மறுபடி கடக்.

சப் இன்ஸ்பெக்டர் கண்ணாயிரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிருஷ்ணவேணி அம்மாள் பார்க்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். தென்னேரியிலிருந்து தாலியறுத்த கையோடு வந்து, இந்தத் தெருவில் ஒரு தறி போட்டு, அதை ஒரு கொட்டகையாக்கிய மனுஷி. எதற்கும் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அன்னம் வெளியே வந்தது. சிட்டிபாபு தலையைத் தோளில் சாய்த்துப் பார்த்தான்.

"மேஸ்திரி, இது படுத்துக்கினு இருக்குதே."

"தறியில படுத்துத்தான்பா இருக்கும். உடம்புல கட்டினா எழுந்து நிக்கும்."

"நிக்கிறது சரி. கழுத்துல இன்னா?"

எல்லோரும் குனிந்தார்கள். அன்னத்தின் கழுத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு கோடு போயிற்று. அடுத்த அன்னத்துக்கும் அதே இடத்தில் அதே கோடு. வரிசையாக நிற்க வைத்து ஒரே வீச்சில் வெட்டின மாதிரி.

கலியன் மேலே ஏறிப் பார்த்தான். கழுத்துக்கு உண்டான ஒரு கொக்கி தூங்கிக்கொண்டே இருந்தது. அந்த இடத்தில் எந்த அட்டையிலும் ஓட்டை இல்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டு அம்மாளின் சொந்த அட்டையை ஏற்றி நெய்து காட்டினான். கழுத்து முழுசாக, ஜரிகை மினுக்க வந்தது.

கண்ணாயிரம் தொப்பியைக் கையில் எடுத்தார். "தறி நல்லா இருக்கு. அம்மா அட்டை நல்லா இருக்கு. அவன் அட்டை மட்டும் நொண்டி. பார்த்துக் குத்தினவன் ஒரு வரிசையை விட்டுட்டான். திருட்டுக் காப்பின்னு இதுக்கு மேல என்ன வேணும்? எழுதிக்கலாமாம்மா?"

"எழுதிக்குங்க," என்றார் அம்மாள்.

ராஜகோபால் தூணை விட்டு நகர்ந்தார். "சார், மெட்ராஸ் கடையில பிடிச்ச புடவை உங்ககிட்டதானே இருக்குது? கொஞ்சம் விரிங்க."

விரித்தார்கள். அரக்குப் பார்டரில் அன்னங்கள் அணிவகுத்து நின்றன. ஒன்றுக்கும் கழுத்தில் கோடு இல்லை.

"நொண்டி அட்டையில இந்தக் கழுத்து எப்படி சார் வந்தது?"

"வேற அட்டை வச்சிருப்பான்."

"வீட்டைப் புரட்டிப் பார்த்தீங்களே. கிடைச்சுதா?"

கண்ணாயிரம் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

"ராஜகோபால்," என்றார் அம்மாள், வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களை எதுக்குக் கூப்பிட்டேன்னு ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதும்மா. இதே கேள்வியைக் கோர்ட்ல வக்கீல் கேட்பான். முந்திக்கினு நாம பதில் தேடி வச்சிட்டா உங்களுக்குத்தான் நல்லது. மூட்டையைக் குடுங்க. சாயந்திரம் வந்துடறேன்."

அம்மாள் யோசித்தார். "விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி வந்துடுங்க. வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கு வச்சப்புறம் போலீஸ் பேச்சு வேணாம்."

வெளியே முற்றத்தில் யேசுதாஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். வலது கை விரல்கள் வீங்கி, தோல் பளபளத்தது.

"கையில என்னப்பா?"

யேசுதாஸ் கான்ஸ்டபிளை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். "கதவு இடிச்சுக்கிச்சு சார்."

"அட்டை யாரோடது?"

யேசுதாஸ் வீங்கின கையை மடிக்குள் மறைத்துக்கொண்டான். நெசவாளிக்குக் கை போனால் என்ன மிச்சம் என்று ராஜகோபாலுக்குத் தோன்றியது. ஜெயிலுக்குப் போனால் அந்தக் கையும் மிச்சமிருக்காது.

*

பஸ் கண்டக்டர் மூட்டைக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார்.

"இது மூட்டை இல்லை, சாட்சி," என்றான் சிட்டிபாபு. "சாட்சிக்கு எந்த ஊர்லயாவது லக்கேஜ் போடுவாங்களா?"

போட்டார்.

திருப்புட்குழியில் இறங்கி, கோயிலைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, ஊர்த் தெருவெல்லாம் தாண்டி நடந்தார்கள். ஊர் முடிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்துக்கும் அப்பால் இன்னொரு தெரு இருந்தது. அதில் ஒரே ஒரு வீட்டில்தான் தறி. வீட்டில் முக்கால்வாசி தறிதான். மனிதர்கள் மீதியில் இருந்தார்கள்.

வாசலில் நின்றவள் யேசுதாஸின் மனைவி பொன்னியம்மாள். இவர்களைப் பார்த்ததும் கதவை அடைக்கவில்லை. குறுக்கே கையை நீட்டிக்கொண்டாள்.

"அட்டையத் தூக்கிக்கினு போனீங்க. ஆளத் தூக்கிக்கினு போனீங்க. இப்போ தறியா?"

"இல்லக்கா, அட்டையத் திரும்பக் கொண்டாந்திருக்கோம்," என்றான் சிட்டிபாபு.

"எதுக்கு? கூட இன்னும் ரெண்டு கேஸு சேர்த்துக்கினு வந்தீங்களா?"

"நாங்க போலீஸ் இல்லைம்மா," என்றார் ராஜகோபால். "இந்த அட்டை அங்க சரியா ஓடலை. இங்க ஓடுதான்னு பார்க்கணும். ஓடினா யேசுதாஸுக்கு ஒரு வழி இருக்குது."

"யாரு அனுப்பினாங்க உங்கள?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். "கிருஷ்ணவேணி அம்மா."

அவள் சிரித்தாள். ஆனாலும் கையை எடுத்துவிட்டாள்.

தறியில் பாதி நெய்த பாவு அப்படியே இருந்தது. பெட்டி துருவேறிக் கிடந்தது. சிட்டிபாபு சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுக்கப் போய், அவள் பார்த்த பார்வையில் மறுபடி மாட்டிக்கொண்டு மேலே ஏறினான்.

"வாத்தியாரே, இங்க ஒரு சாவு."

"என்னடா?"

"ஒரு கொக்கி முறிஞ்சு போயிருக்குது. வாயில துணியெல்லாம் கட்டி வச்சிருக்காங்க, பொணத்துக்குத் தாடையக் கட்டற மாதிரி. அது புடிக்க வேண்டிய நூலு இருக்குதில்ல, அது கோணலாப் போவுது. போயி... போயி... கடைசிக் கொக்கியில ஏறி உக்காந்துக்கினு இருக்குது."

ராஜகோபால் தானும் ஏறிப் பார்த்தார். மற்ற நூல்களெல்லாம் செங்குத்தாக இறங்க, அது மட்டும் துணி காயப்போடும் கொடி போலக் குறுக்கே ஓடியது. எந்தக் கொக்கி செத்ததோ அதுதான் அங்கே அம்மாள் தறியில் தூங்கிய கொக்கி. கழுத்துக் கொக்கி.

அட்டையை மாட்டினார்கள். பொன்னியம்மாள் குழியில் இறங்கினாள்.

"நீங்களா நெய்யப் போறீங்க?"

"பின்ன யாரு? அது என் தறி. அந்தாளு பகலெல்லாம் அம்மா தறியில. மெட்ராஸ் கடையில புடிச்ச புடவை நான் நெய்ஞ்சது."

கடக், கடக். அன்னம் வந்தது. கழுத்து முழுசாக வந்தது. மேலே அட்டை ஒவ்வொன்றிலும் கழுத்து இடம் காலியாகப் போக, கடைசி ஓட்டை அந்த வேலையைச் செய்தது. இங்கே அட்டையும் நொண்டியில்லை, குத்தியவனும் முட்டாளில்லை. பெட்டிதான் நொண்டி. அதன் நொண்டலைத் தெரிந்துகொண்டு, அதற்கு இடம் விட்டுக் குத்திய அட்டை அது. வேறெந்தத் தறியில் ஏற்றினாலும் கழுத்தறுந்துதான் வரும்.

"இந்தப் பெட்டி ஏது?"

"பாதிரிமாரோட மிஷன் தறிக்கூடத்த மூடினப்போ பழைய இரும்புன்னு வாங்கியாந்தாரு. கல்யாணத்துக்கு முந்தி. ஒரு கொக்கி போயிருந்துது. இதுக்குன்னு தனியா மெட்ராஸுக்கு யாரு போறதுன்னு கடைசிக் கொக்கியில இழுத்துக் கட்டி, அதுக்கேத்தாப்புல அட்டை குத்தினாரு. அன்னம் அவரு போட்டது."

"அப்புறம்?"

"வேலை கேட்டு அம்மாகிட்டப் போனாரு. இந்தத் தெருவுல இருந்து அந்தத் தெருவுக்குத் தறி வேலைக்குப் போன மொத ஆளு. அட்டையக் கொண்டா பார்க்கலாம்னாங்க. குடுத்தாரு. ஒரு வாரம் வச்சிருந்து திருப்பிக் குடுத்தாங்க. வேலையும் குடுத்தாங்க."

"என்ன வேலை?"

"இந்த அன்னத்த நெய்யற வேலை," என்றாள் பொன்னியம்மாள்.

சிட்டிபாபு மேலிருந்து மெதுவாக இறங்கினான்.

"இத்தனை வருஷம் அவர் ஒண்ணும் கேட்கலையா?"

"கேட்டா நெய்யறதுக்குப் பாவு வராது சார். அவருக்கு அது போதும்னு இருந்தாரு. எனக்குப் போதல. என் வூட்டு அன்னம், என் தறி, நான் நெய்யறேன்னு நான்தான் ஆரம்பிச்சேன்." குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "அவர விட்டுருவாங்களா?"

ராஜகோபால் உண்மையைச் சொன்னார். "இது மட்டும் போதாதும்மா. அம்மா அட்டையைப் பார்த்து, இந்த நொண்டிப் பெட்டிக்கு ஏத்த மாதிரி மாத்திக் குத்திக்கினீங்கன்னு சொல்லிடுவாங்க. எது தாய், எது பிள்ளைன்னு காட்டணும்."

"சொல்லுவாங்க. அவங்க சொன்னா அது பேச்சு. நாங்க சொன்னா கூச்சல்."

*

திரும்புகிற பஸ்ஸில் ராஜகோபால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். சிட்டிபாபுவுக்கு அது ஆகாது.

"ஆறாவதுல நான் ஒரு தபா காப்பி அடிச்சேன் வாத்தியாரே."

"ஒரு தபாதானா?"

"மாட்டினது ஒரு தபா. பக்கத்துல உக்காந்தவன் பேப்பர்ல நடுவுல பெருசா மசி கொட்டிக்கிச்சு. அவன் இன்னா பண்ணான், அந்தக் கறைய விட்டுட்டு சுத்திச் சுத்தி எழுதினான். நான் அதப் பார்த்து அப்படியே அடிச்சேனா, என் பேப்பர் வெள்ளை வெளேர்னு இருக்குது, நடுவுல தோசை அளவு எடம் காலி. வாத்தியார் பார்த்துட்டு, ஏன்டா இங்க எழுதலைன்னாரு. நான் இன்னாத்த சொல்ல? அங்க கறை இருக்குது சார்னேன்."

ராஜகோபால் சட்டென்று திரும்பி அவன் தொடையில் அடித்தார்.

"இதுக்கு அன்னிக்கே அடிச்சுட்டாங்க," என்றான் சிட்டிபாபு, தொடையைத் தேய்த்துக்கொண்டு.

*

வெயில் தாழ்ந்திருந்தது. கொட்டகையில் மற்ற நெசவாளிகளை அனுப்பிவிட்டிருந்தார் அம்மாள். கண்ணாயிரமும் கலியனும் மட்டும் இருந்தார்கள்.

"மேஸ்திரி," என்றார் ராஜகோபால், "இந்தத் தறியில கடைசிக் கொக்கியில எந்த இழை கட்டியிருக்குது?"

கலியன் அண்ணாந்து பார்த்தான். "ஒண்ணும் இல்ல சார். அது சும்மா இருக்கறது. எல்லாப் பெட்டியிலயும் ஓரத்துல ரெண்டு மூணு கொக்கி சும்மா இருக்கும்."

"சும்மா இருக்கிற கொக்கிக்கு அட்டையில ஓட்டை வேணுமா?"

"வேணாம்."

"அம்மாவோட அட்டையை எடுத்து வெளிச்சத்துல பிடி."

கலியன் பிடித்தான். சாயங்கால வெளிச்சம் கடைசி வரிசையில் ஒரு ஓட்டை வழியாக வந்து அவன் கன்னத்தில் விழுந்தது. அடுத்த அட்டையைப் பிடித்தான். அதற்கடுத்தது. சிலதில் ஓட்டை இருந்தது, சிலதில் இல்லை.

"இது... எப்பவும் இப்படித்தான் சார் இருக்குது. அட்டை நைஞ்சு போச்சுன்னா பழசப் பார்த்துப் புதுசு அடிப்போம். இருக்கற ஓட்டைய எதுக்குன்னு யாரும் கேக்கறதில்ல. ஒண்ண விட்டாலும் பார்டர் கெட்டுடும்னு பயம்."

"அந்தப் பயம்தான்," என்றார் ராஜகோபால். யேசுதாஸின் அட்டையை அதன் மேல் வைத்தார். "ரெண்டுலயும் கடைசி வரிசை ஒண்ணுக்கொண்ணு பொருந்துது பாருங்க சார். அங்க திருப்புட்குழியில கழுத்துக் கொக்கி முறிஞ்சு போயிருக்குது. அதோட வேலையைக் கடைசிக் கொக்கி செய்யுது. அதனால அந்த அட்டையில கடைசி ஓட்டைக்குக் காரணம் இருக்குது. இங்க? இங்க பெட்டி நல்லா இருக்குது. கழுத்துக் கொக்கி வேலை செய்யுது. கடைசிக் கொக்கியில இழையே இல்லை. அப்புறம் ஏன் அந்த இடத்துல ஓட்டை? யேசுதாஸ் அட்டையைப் பார்த்துக் குத்தினவன், இங்க ஏத்திப் பார்த்திருக்கான். கழுத்துல கோடு விழுந்தது, நாம காலையில பார்த்த அதே கோடு. கழுத்து வரிசையைச் சேர்த்துக் குத்திச் சரி பண்ணிட்டான். கடைசி வரிசை எதுக்குன்னு அவனுக்குப் புரியலை. தொட பயம். விட்டுட்டான்."

"செத்த கொக்கி அங்க இருக்குது," என்றான் சிட்டிபாபு. "திவசம் வருஷா வருஷம் இங்க நடக்குது."

கண்ணாயிரம் இரண்டு அட்டைகளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாளைப் பார்த்தார். அம்மாளின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"கலியா, போய் எல்லாருக்கும் காப்பி சொல்லு."

கலியன் போனான்.

"நல்லாத்தான் கண்டுபுடிச்சிருக்கீங்க," என்றார் அம்மாள். "நான் இல்லைன்னு சொல்லலை. அவன் கையில இருந்த வரைக்கும் அது வெறும் அட்டை. பட்டு நான் போட்டேன், ஜரிகை நான் போட்டேன். மெட்ராஸ், பம்பாய்னு நான் தூக்கிக்கினு அலைஞ்சேன். அந்தத் தெருவுல இருந்து அவன் எடுத்துக்கினு வந்திருந்தா எந்தக் கடைக்காரன் படி ஏத்தியிருப்பான்? சொல்லுங்க."

"அதுக்காக அவனையே திருடன்னு பிடிச்சுக் குடுப்பீங்களா?"

"என் அன்னத்தை எனக்கு எதிரா வித்தா புடிச்சுத்தான் குடுப்பேன்." கண்ணாயிரத்திடம் திரும்பினார். "அவனையே கூப்பிட்டுக் கேளுங்க சார். அவன் என்னுதுன்னு சொல்லட்டும். நான் கேஸை விட்டுடறேன்."

அந்த நிதானம் ராஜகோபாலுக்குப் பிடிக்கவில்லை.

யேசுதாஸை உள்ளே கொண்டுவந்தார்கள். இரண்டு அட்டைச் சங்கிலிகளும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவன் பார்த்ததும் எது அவனுடையது என்று கண் போய் நின்ற இடத்திலேயே தெரிந்தது.

"யேசுதாஸ்," என்றார் ராஜகோபால், "பயப்படாதே. எல்லாம் காட்டியாச்சு. செத்த கொக்கி, கடைசி ஓட்டை, எல்லாம். நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். அன்னம் யார் போட்டது?"

அவன் அட்டையைப் பார்த்தான். அம்மாளைப் பார்த்தான். அம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவோடது சார். நான்தான் பார்த்துக் குத்திக்கினேன். தப்பு என்னுது."

ராஜகோபால் அவன் தோளைப் பிடித்து முற்றத்துக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். கான்ஸ்டபிள் பின்னாலேயே வந்தான். சிட்டிபாபு அவனிடம் பீடிக்கு நெருப்புக் கேட்டு வழியை மறித்துக்கொண்டான்.

"உனக்கு அறிவு இருக்கா? ஜெயிச்சாச்சுப்பா. கேஸே நிக்காது."

"தெரியும் சார். காதுல வுழுந்துது." யேசுதாஸ் வீங்கின கையைக் குழாய் நீரில் காட்டினான். "முதலாளி மேல கேஸ் ஜெயிச்சவனுக்கு இந்த ஊர்ல எவன் சார் பாவு குடுப்பான்?"

"ஊரா இல்லை? மெட்ராஸ் கடைக்காரன் வாங்கினானே."

"அவன் ஒண்ணு என்கிட்ட வாங்கினா நூறு அம்மாகிட்ட வாங்கறவன். நாளைக்கே என்னைத் தெரியாதும்பான். காலையில நீங்க அந்தப் பக்கம் போனதும் அம்மா வந்து பேசினாங்க. தப்ப ஒத்துக்க, புகார வாபஸ் வாங்கிக்கறேன், பழைய தறி உனக்குத்தான்னாங்க. சரின்னுட்டேன்."

"நான் இங்க இல்லாதப்போவே பேசி முடிச்சாச்சு."

"ஆமா சார். நீங்க திருப்புட்குழிக்கு அலைஞ்சது வீண்." அதை வருத்தத்தோடுதான் சொன்னான். "எங்க தெருவுல நான் ஒருத்தன்தான் இந்தத் தொழிலுக்கு வந்தவன். நான் வெளிய போயிட்டா, அவனுங்கள உள்ள விட்டா இப்படித்தான்னு இன்னொருத்தனையும் சேர்க்க மாட்டாங்க."

"அந்த அன்னம் உன்னுது, யேசுதாஸ்."

"அது எனக்குத் தெரியும் சார். உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. அது போதும்."

உள்ளே கண்ணாயிரம் காகிதம் எழுதி முடித்திருந்தார். கைப்பற்றிய அட்டைகள் புகார்தாரருடையவை என்று பரிசோதனையில் தெரிந்தது. அவை அவரிடமே ஒப்படைக்கப்பட்டன. எதிரி யேசுதாஸ் தவறை உணர்ந்ததால் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று புகார்தாரர் கேட்டுக்கொண்டார். அடியில் பரிசோதித்தவர் என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருந்தார்.

"நான் பரிசோதிச்சதுல தெரிஞ்சது வேற சார்."

"தெரியும் மிஸ்டர் ராஜகோபால். நானும்தானே பக்கத்துல இருந்தேன்." கண்ணாயிரம் குரலைத் தாழ்த்தினார். அந்த மனுஷனுக்கும் அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் பேனா மூடியைக் கழற்றித்தான் நீட்டினார். "உங்க கையெழுத்து இல்லைன்னா நாளைக்கு அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போயாகணும். அவன் அங்கயும் ஒத்துக்குவான். உள்ள போவான். உங்க இஷ்டம்."

ராஜகோபால் சிட்டிபாபுவைப் பார்த்தார்.

"போடுங்க வாத்தியாரே," என்றான் சிட்டிபாபு. "நாம மட்டும் யோக்கியனா இருந்து இன்னா ஆவப் போவுது. அந்தாளு கை ஜெயில்ல தேறாது."

போட்டார். வாழ்க்கையில் அவர் சரியாகக் கண்டுபிடித்த வழக்குகளில் அதுவும் ஒன்று. காகிதத்தில் அது அப்படியே தலைகீழாக இருந்தது.

கலியன் காப்பியோடு திரும்பியிருந்தான். அம்மாள் எழுந்தார். "யேசுதாஸ், கல்யாண ஆர்டர் பாதியில நிக்குது. கை முடியுதா?"

"முடியும்மா."

"அப்போ இறங்கு. கலியா, நீ ரெண்டு ஆளைக் கூட்டிக்கினு மாட்டு வண்டியில போய்ட்டு வா. ஏணியும் கயிறும் எடுத்துக்கோ. அந்தப் பழைய பெட்டி அங்க இருந்தா மறுபடி யாருக்காவது ஆசை வரும்."

யேசுதாஸ் குழியில் காலை விட்டபடி அதைக் கேட்டான். ஒரு கணம் நின்றான். பிறகு உட்கார்ந்து நாடாவை இடது கையில் எடுத்துக்கொண்டான்.

ராஜகோபால் காப்பியைத் தொடாமல் வெளியே வந்தார். வாசலுக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், பொன்னியம்மாள் நின்றிருந்தாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள், சண்டைக்கு வந்தவள் மாதிரி.

"இன்னா சார் ஆச்சு?"

"விட்டுட்டாங்கம்மா. கேஸ் இல்லை."

"மெய்யாலுமா?"

"உள்ள தறியில உட்கார்ந்திருக்கார். கேளுங்க."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். கொட்டகைக்குள்ளிருந்து கடக் என்று சத்தம் வந்தது, கொஞ்சம் தாமதித்து இன்னொன்று. யேசுதாஸின் மிதிதான் என்று அவள் முகத்தில் தெரிந்தது. இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் சார். அட்டை ஓடிச்சுன்னு சொன்னீங்களா? ஒத்துக்கினாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க," என்றார் ராஜகோபால். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பக்கத்துச் சந்திலிருந்து மாட்டு வண்டி திரும்பியது. கலியன் முன்னால் உட்கார்ந்திருந்தான். பின்னால் இரண்டு ஆட்கள், ஒரு ஏணி, ஒரு சுருள் கயிறு. கலியன் பொன்னியம்மாளைப் பார்த்துவிட்டு, மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டே வண்டியை விட்டான். வண்டி திருப்புட்குழி போகிற பக்கம் திரும்பியது.

"அது எங்க சார் போவுது, இந்நேரத்துல ஏணி எடுத்துக்கினு?"

சிட்டிபாபு குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

"தெரியலைம்மா," என்றார் துப்பறியும் ராஜகோபால்.